சின்னம்மை: எண்ண வேண்டிய நாட்களும் அளக்க வேண்டிய மருந்தும்

குழந்தையின் சட்டையைக் கழற்றினால் மார்பில் நான்கைந்து சிவப்புப் புள்ளிகள். மாலைக்குள் அவற்றில் இரண்டு நீர் கோத்து நிற்கின்றன. மறுநாள் முதுகிலும் வயிற்றிலும் தலைமுடிக்குள்ளும் புதியவை. சின்னம்மை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

ஆரோக்கியமான சிறு குழந்தைக்கு இது தானாகவே ஆறிவிடும் நோய். அதை விரட்டுவதற்காக வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. கோளாறு வருவது வேறு இடங்களில்: காய்ச்சல் மருந்தின் அளவில், கொடுக்கவே கூடாத மருந்தைக் கொடுப்பதில், அடுத்தவருக்கு எப்போது தொற்றும் என்ற நாள்கணக்கில், ஒருமுறை இறங்கிய காய்ச்சல் மீண்டும் ஏறுவதைப் பொருட்படுத்தாமல் விடுவதில்.

## என்ன கிருமி, எப்படிப் பரவுகிறது

நோய்க்குக் காரணம் வாரிசெல்லா சோஸ்டர் என்ற வைரஸ். ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. நோயாளியின் மூச்சு வழியாகக் காற்றில் பரவும். கொப்புள நீரைத் தொட்டாலும் பரவும். எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒருவர் நோயாளியுடன் ஒரே வீட்டில் இருந்தால் தொற்றுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம். தட்டம்மைக்கு அடுத்தபடியாக, வீட்டுக்குள் இவ்வளவு திறமையாகப் பரவும் நோய்கள் குறைவு.

தொற்றிய நாளிலிருந்து கொப்புளம் தெரிய 10 முதல் 21 நாட்கள் ஆகும். பெரும்பாலானோருக்கு 14 முதல் 16. கொப்புளம் தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாட்கள் முன்பிருந்தே குழந்தை மற்றவர்களுக்கு நோயைப் பரப்பத் தொடங்கிவிடும். எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்காகும்வரை பரப்பும். இது வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாட்கள். காய்ந்த பொருக்கு நோயைப் பரப்பாது. பெரியம்மைக்குப் பொருக்கும் ஆபத்து. அந்தப் பழைய பயம்தான் பெயர் ஒற்றுமையால் சின்னம்மைக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

நோய் ஆறிய பிறகும் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்புக் கணுக்களில் பதுங்கிக் கிடந்து, பல ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு அக்கியாக வெளிப்படும். அக்கி வந்த பெரியவரின் கொப்புள நீரிலிருந்து, முன்பு சின்னம்மை வராத குழந்தைக்குச் சின்னம்மை வரலாம். ஆனால் குழந்தையின் சின்னம்மையிலிருந்து தாத்தாவுக்கு அக்கி "தொற்றாது". அவருடைய அக்கி அவருடைய நரம்பிலிருந்தே வரும்.

## சின்னம்மைதானா?

அடையாளம் காண உதவும் ஒரே ஒரு நல்ல குறி: ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், பல பருவத்துக் கொப்புளங்கள். ஒன்று வெறும் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் ஒன்று பனித்துளி போல நீர் கோத்தது, இன்னொன்று பொருக்கு தட்டியது. மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை புதியவை அலை அலையாக வந்துகொண்டே இருப்பதால் இப்படி. உடலின் நடுப்பகுதியிலும் முகத்திலும் அதிகம், கைகால்களில் குறைவு. தடுப்பூசி போடாத குழந்தைக்கு மொத்தம் 250 முதல் 500 கொப்புளங்கள் வருவது வழக்கம்.

உள்ளங்கை, உள்ளங்கால், வாய் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் திரண்டிருந்தால் கை-கால்-வாய் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே இடத்தில் தேன் நிறத்தில் பொருக்கு கட்டினால் தோலில் பாக்டீரியா தொற்று. தடுப்பூசி போட்ட குழந்தைக்கும் சில சமயம் சின்னம்மை வரும். அப்போது 50க்கும் குறைவான புள்ளிகள், நீர் கோக்காமல், காய்ச்சலே இல்லாமல் பூச்சிக்கடி போலத் தோன்றும். அதுவும் பரவும்.

## வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

முதல் நாளன்று, அரிப்புக்கு என்ன பூசுவது என்று யோசிக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. நோய் கண்ட குழந்தையைவிட, பக்கத்தில் இருக்கும் சிலருக்கே ஆபத்து அதிகம்.

1. கர்ப்பிணி. அவருக்கு முன்பே சின்னம்மை வந்திருந்தால், அல்லது இரண்டு தவணைத் தடுப்பூசி போட்டிருந்தால் பயம் வேண்டியதில்லை. தெரியவில்லை என்றால் அன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பரிசோதித்துவிடலாம். எதிர்ப்பொருள் இல்லாதவருக்கு வாரிசெல்லா இம்யூனோகுளோபுலின் (ஆயத்தமான எதிர்ப்பொருள்) ஊசி போன்ற தடுப்புச் சிகிச்சைகள் உண்டு. அந்த ஊசியைத் தொடர்பு ஏற்பட்ட 10 நாட்களுக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். கர்ப்பத்தின் முதல் 20 வாரங்களில் தாய்க்குச் சின்னம்மை வந்தால் சிசுவுக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு 2 சதவீதமோ அதற்குக் குறைவோ. தாய்க்கு நுரையீரல் அழற்சி வருவது இன்னொரு கவலை.

2. பிறந்து நான்கு வாரம் ஆகாத சிசு. தாய்க்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் அது சிசுவுக்கும் கொஞ்சம் வந்திருக்கும். ஆனாலும் முடிவை மருத்துவரிடம் விட வேண்டும். தாய்க்கே பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்புவரை சின்னம்மை கண்டால் அது அவசர நிலை. வைரஸ் சிசுவுக்குப் போயிருக்கும். எதிர்ப்பொருள் போய்ச்சேர நேரம் இருந்திருக்காது.

3. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர், அதிக அளவில் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்.

4. சின்னம்மையே வந்திராத பெரியவர். "குழந்தைகள் நோய்" என்று பெரியவர்கள் அலட்சியமாக இருப்பது தவறு. வயது ஏற ஏறக் கொப்புளமும் காய்ச்சலும் கடுமையாகும். நுரையீரல் அழற்சி வரும் வாய்ப்பும் கூடும். புகைப்பவருக்கு இன்னும் அதிகம்.

இவர்கள் யாரும் இல்லை என்றால், அண்ணனையும் தங்கையையும் வெவ்வேறு அறைகளில் அடைத்துவைப்பதால் பெரிய பயன் இல்லை. கொப்புளம் தெரியுமுன்பே இரண்டு நாட்கள் ஒரே காற்றைச் சுவாசித்தாகிவிட்டது.

## நாள்கணக்கு

மூத்த குழந்தைக்கு மாதத்தின் 1ஆம் தேதி கொப்புளம் தெரிந்ததாக வைத்துக்கொள்வோம். தம்பிக்குச் சின்னம்மை வந்ததில்லை, தடுப்பூசியும் போடவில்லை.

மூத்தவன் தொற்று பரப்பத் தொடங்கியது முந்தைய மாதத்தின் கடைசி இரண்டு நாட்களில். 6 அல்லது 7ஆம் தேதி எல்லாம் பொருக்காகிவிடும். தம்பிக்கு அம்மை தெரியக்கூடிய முதல் நாள் 9ஆம் தேதி அளவில். கடைசி நாள் 27 அல்லது 28. பெரும்பாலும் 13க்கும் 17க்கும் இடையில். தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரப்பத் தொடங்குவான் என்பதால், 7ஆம் தேதி வாக்கிலிருந்தே அவனைக் கர்ப்பிணிகளிடமிருந்தும் பச்சிளங்குழந்தைகளிடமிருந்தும் விலக்கி வைப்பது நல்லது. அவனுக்கு 15ஆம் தேதி கண்டால், வீடு சகஜ நிலைக்குத் திரும்ப 21 அல்லது 22 ஆகும். வேலைக்குப் போகும் பெற்றோர் ஒரு வார விடுப்பைத்தான் முதலில் கணக்கிடுகிறார்கள். இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் மூன்று வாரம் என்று திட்டமிடுவதே நடைமுறைக்கு ஒத்தது.

இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. தொற்று நேர்ந்த மூன்று நாட்களுக்குள், அதிகபட்சம் ஐந்து நாட்களுக்குள், சின்னம்மைத் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ முடியும். ஆனால் தம்பிக்குத் தொற்று நேரத் தொடங்கியது 1ஆம் தேதி அல்ல, அதற்கும் இரண்டு நாள் முன்பு. எனவே மூன்று நாள் கெடு 2ஆம் தேதியோடு முடிகிறது. ஐந்து நாள் கெடு 4ஆம் தேதியோடு. "வார இறுதியில் போய்க் கேட்போம்" என்றால் கெடு போயிருக்கும். ஒரு வயது நிரம்பியவர்களுக்கே இந்த ஊசி. கர்ப்பிணிக்கும் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவருக்கும் கூடாது. அது உயிருள்ள, வலுவிழந்த வைரஸால் ஆனது.

ஒரே வீட்டில் இரண்டாவதாக நோய் வரும் குழந்தைக்குக் கொப்புளங்கள் பெரும்பாலும் முதலாமவரைவிட அதிகமாக இருக்கும். நெருக்கமான, நீண்ட நேரத் தொடர்பில் அதிக அளவு வைரஸ் உள்ளே போவதே காரணமாகக் கருதப்படுகிறது. தம்பிக்கு அதிகமாக வந்துவிட்டதே என்று திகைக்க வேண்டாம், ஆனால் கூடுதலாகக் கவனிக்கவும்.

## காய்ச்சலுக்கு: எது, எவ்வளவு

பாராசிட்டமால் மட்டும். அளவு வயதைவிட எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. வரை. இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரம். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது.

தவறு நேர்வது புட்டியில். பாராசிட்டமால் திரவம் பல செறிவுகளில் கிடைக்கிறது. 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 180 மி.கி. தேவை. அது:

– 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் 7.5 மி.லி.
– 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் 3.6 மி.லி.
– 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் 1.8 மி.லி.

முதல் புட்டியின் 7.5 மி.லி.யைப் பழக்க தோஷத்தில் மூன்றாவது புட்டியிலிருந்து கொடுத்தால் 750 மி.கி. உள்ளே போகும், நான்கு வேளைக்கு மேலான மருந்து ஒரே வேளையில். கல்லீரலுக்கு அது ஆபத்து. சமையலறைக் கரண்டி வேண்டாம். மருந்தோடு வரும் குழலோ ஊசியில்லாச் சிரிஞ்சோ போதும். கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். அம்மா ஒரு வேளை, அது தெரியாமல் அப்பா ஒரு வேளை என்பது நள்ளிரவில் எளிதாக நடக்கும். சளி, இருமல் கலவை மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தை விளையாடிக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தால் வெப்பமானி காட்டும் எண்ணுக்காக மட்டும் மருந்து கொடுக்க வேண்டியதில்லை. காய்ச்சலை இறக்குவதால் அம்மை சீக்கிரம் ஆறாது.

கொடுக்கக் கூடாதவை இரண்டு:

இபுபுரூஃபென். சின்னம்மையின்போது இதைக் கொடுத்த குழந்தைகளிடம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் தோலுக்கு அடியில் ஆழமாகப் பரவும் கடுமையான தொற்றுகள் கூடுதலாகக் காணப்பட்டுள்ளன. மருந்துதான் காரணமா என்ற விவாதம் முடியவில்லை. மாற்று மருந்து கையில் இருக்கும்போது அந்த விவாதத்துக்குள் நாம் போக வேண்டாம்.

ஆஸ்பிரின். இதில் விவாதமே இல்லை. சின்னம்மையும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் ரை நோய்க்குறி என்ற அரிய, உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம்: மூளை வீங்கும், கல்லீரல் பழுதாகும். 1980களில் இந்தத் தொடர்பு தெரியவந்து எச்சரிக்கைகள் வெளியான பிறகு, அந்த நோயே அரிதாகிவிட்டது. மாத்திரை அட்டையில் ஆஸ்பிரின் என்று இல்லாமல் அசிட்டைல்சாலிசிலிக் அமிலம் என்று இருக்கலாம். சில வாய்ப்புண் ஜெல்களிலும் வயிற்று மருந்துகளிலும் சாலிசிலேட் என்ற பெயரில் அதன் உறவினர்கள் இருக்கும். வாயில் கொப்புளம் வந்த குழந்தைக்கு வாய்ப்புண் ஜெல்லைத் தேடிப் போவது இயல்பு என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுத்துவரும் குழந்தையாக இருந்தால், நீங்களாக நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் கேளுங்கள்.

## அரிப்பு

சொறிவதுதான் சின்னம்மையின் பாதிச் சிக்கலுக்கு வாசல். நகத்தால் பிய்ந்த கொப்புளத்துக்குள் தோலில் எப்போதும் வசிக்கும் பாக்டீரியா நுழைகிறது, சீழ் பிடிக்கிறது, ஆழமான தழும்பு விழுகிறது. ஆகவே முதல் மருந்து நகவெட்டி. நகத்தை ஒட்ட வெட்டி, முனையைத் தேய்த்து மழுப்புங்கள். தூங்கும்போது கையுறை அல்லது மெல்லிய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டலாம்.

குளிக்கவைக்கக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. வெதுவெதுப்பான நீரில், தினமும், 10 நிமிடம். குளியலால் அம்மை பரவாது. வியர்வையும் அழுக்கும்தான் அரிப்பையும் தொற்றையும் கூட்டும். மாவாக அரைத்த ஓட்ஸ் ஒரு கைப்பிடியை நீரில் கரைத்தால் இதமாக இருக்கும், ஆனால் தரை வழுக்கும். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். சூடான நீர் அந்த நேரத்துக்குச் சுகமாக இருந்தாலும் பிறகு அரிப்பைக் கூட்டிவிடும். கனத்த போர்வையும் அப்படியே.

கலாமைன் லோஷனைக் கண், வாய் தவிர்த்துப் பஞ்சால் ஒற்றிப் பூசலாம். காய்ந்ததும் குளிர்ச்சி போய்விடுவதால் அதன் பலன் கொஞ்ச நேரமே. டைபென்ஹைட்ரமைன் கலந்த லோஷன்களைத் தவிருங்கள்: உடல் முழுக்கக் கொப்புளம் உள்ள தோல் வழியாக அது ரத்தத்தில் அதிகம் கலந்து, குழந்தைக்கு மயக்கமும் குழப்பமும் வரலாம். ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம்.

அரிப்பால் தூக்கமே போனால் மருத்துவர் செட்ரிசின் போன்ற மாத்திரையையோ சிரப்பையோ தரலாம். அது அரிப்பை முழுதாக நிறுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

டயப்பர் பகுதியில் கொப்புளம் இருந்தால் அடிக்கடி மாற்றி, முடிந்தவரை திறந்துவிடுங்கள். சிறுநீர் கழிக்க அழும் குழந்தைக்கு, கழிக்கும் நேரத்திலேயே வெதுவெதுப்பான நீரை அந்த இடத்தில் மெதுவாக ஊற்றினால் எரிச்சல் குறையும்.

## வாய்ப்புண்ணும் நீரிழப்பும்

வாய்க்குள் வரும் கொப்புளம் உடைந்து புண்ணாகிவிடும். குழந்தை சாப்பிட மறுப்பதைவிடக் குடிக்க மறுப்பதே கவலைக்குரியது. ஆறிய, மிருதுவான, உப்பும் புளிப்பும் காரமும் இல்லாத உணவு; 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு தேக்கரண்டி நீரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ. பாராசிட்டமால் கொடுத்து அரை மணி நேரம் கழித்து ஊட்டினால் வலி தணிந்து கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. எட்டு மணி நேரமாகச் சிறுநீரே இல்லை, நாக்கு வறண்டிருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தின் எல்லை தாண்டிவிட்டது.

## வைரஸ் எதிர்ப்பு மருந்து தேவையா?

அசைக்ளோவிர் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். ஆரோக்கியமான சிறு குழந்தையிடம் அந்தப் பலன், காய்ச்சல் ஒரு நாள் முன்னதாக விடுவதும் கொப்புளம் சற்றுக் குறைவதும்தான். அதனால் 12 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுப்பதில்லை. 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர், நாள்பட்ட தோல் அல்லது நுரையீரல் நோய் உள்ளவர், ஸ்டீராய்டு எடுப்பவர் ஆகியோருக்குக் கணக்கு மாறும். வீட்டில் இரண்டாவதாக நோய் வருபவருக்கும் சில மருத்துவர்கள் தருகிறார்கள். நாள் குறித்து எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கு அந்த 24 மணி நேரத்தைப் பிடிப்பதும் எளிது.

ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. கொப்புளத்தில் பாக்டீரியா தொற்று ஏற்பட்டால் மட்டும் தேவை.

## உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள்

1. காய்ச்சல் நான்கு நாட்களுக்கு மேல் நீடிப்பது, அல்லது இறங்கி ஒரு நாள் கழிந்து மீண்டும் ஏறுவது. இந்த இரண்டாவது காய்ச்சல் பாக்டீரியா உள்ளே புகுந்ததன் முதல் அடையாளமாக இருக்கலாம்.
2. கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சூடு, வீக்கம், சீழ். பார்வைக்குச் சிறிதாக இருந்தும் தொட்டாலே அலறும் அளவு வலி இருந்தால் மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.
3. மூச்சுத் திணறல், வேகமான மூச்சு, விடாத இருமல்.
4. நடை தள்ளாடுவது, எழுப்பினால் எழாத தூக்கம், கழுத்து விறைப்பு, வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி. தள்ளாட்டம் சிறுமூளை அழற்சியால் வரலாம். பெரும்பாலும் குணமாகிவிடும், ஆனால் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.
5. கண்ணின் கருவிழியில் கொப்புளம், கண் சிவந்து வலிப்பது.
6. கொப்புளத்துக்குள் ரத்தம், தோலில் ஊதா நிறத் திட்டுகள்.
7. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல்.

கிளம்புமுன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் "சின்னம்மை" என்று சொல்லிவிடுங்கள். காத்திருக்கும் கூடத்தில் கர்ப்பிணியும் பச்சிளங்குழந்தையும் உட்கார்ந்திருப்பார்கள். தனி வழியில் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்வார்கள்.

## ஆறும் காலம்

துணி, பாத்திரத்துக்குத் தனிக் கிருமிநாசினி தேவையில்லை. இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சாதாரணச் சோப்பே அதைக் குலைத்துவிடும். பொருக்குகள் ஒன்றிரண்டு வாரங்களில் தாமாக உதிரும், பிய்க்க விடாதீர்கள். உதிர்ந்த இடத்தில் தெரியும் நிறமாற்றம் மாதங்களில் மங்கும். குழிந்த தழும்புதான் தங்கும், அது பெரும்பாலும் பிய்த்த இடத்திலோ சீழ் பிடித்த இடத்திலோ இருக்கும்.

நோய் வந்து ஆறிய குழந்தைக்கு மறுபடி வருவது அரிது. தப்பித்துவிட்ட தம்பிக்குத் தடுப்பூசி இன்னும் பயன்படும். ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தகாஹாஷி 1970களில் உருவாக்கிய வைரஸ் வகையை அடிப்படையாகக் கொண்டதே இன்று பரவலாகப் போடப்படும் ஊசி. ஒரு தவணையே கடுமையான நோயை அநேகமாகத் தடுத்துவிடும். லேசான நோயும் வராமலிருக்க இரண்டு தவணை வேண்டும். ஊசி போட்ட ஆறு வாரத்துக்கு ஆஸ்பிரின் வகை மருந்துகள் கூடாது.

பள்ளிக்கு அனுப்பும் நாளைக் காய்ச்சலை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடைசிக் கொப்புளம் பொருக்கானதா என்று பாருங்கள். தலைமுடிக்குள்ளும், காதுக்குப் பின்னாலும், டயப்பர் மடிப்பிலும் தேட வேண்டும். ஈரமாக ஒன்று ஒளிந்திருப்பது இந்த இடங்களில்தான். தடுப்பூசிக்குப் பிறகு வந்த லேசான அம்மையில் புள்ளிகள் நீர் கோக்காததால் பொருக்கே தட்டாது. அந்தக் குழந்தைக்கு 24 மணி நேரம் புதிய புள்ளி எதுவும் வராமல் இருந்தால் அனுப்பலாம்.